சட்டாம்பிள்ளையைச் சீமைக்கு அழைத்துச் சென்றவர்

கற்றவன் எவனும் கற்பிக்க வல்லவன் என்று நான் நெடுநாள் நம்பியிருந்தேன். அந்த நம்பிக்கை சென்ற ஆண்டில் ஒரு பிற்பகல், ஆய்வுக்கூடத்தில், பதினெட்டு மாணவர்களின் முன்னிலையில் உடைந்து போயிற்று.

நான் முதுநிலைப் பௌதிக மாணவன். வயது இருபத்து மூன்று. திருவண்ணாமலைப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து படிக்க வந்து, அல்சூரில் அத்தை வீட்டு மாடியறையில் தங்கியிருக்கிறேன். என் படிப்போடு, கீழ்வகுப்பு மாணவர்களுக்கு ஆய்வுக்கூடத்தில் துணையாசிரியனாக இருக்கும் பொறுப்பும் எனக்குத் தரப்பட்டது. அன்று ஸ்பெக்ட்ரோமீட்டரைக் கொண்டு முப்பட்டகக் கண்ணாடியின் சிறும திசைமாற்றக் கோணத்தை அளப்பது பாடம். நாற்பது நிமிடம் ஆங்கிலத்தில் விளக்கினேன். பலகை நிறையச் சமன்பாடுகள் எழுதினேன். பிறகு கருவியைக் கையாளுமாறு சொன்னேன். பெரும்பாலோருக்கு வெர்னியர் அளவைப் படிக்கவே தெரியவில்லை. கோலார்ப் பக்கத்திலிருந்து வந்த மாணவன் ஒருவன் மூன்று முறை தவறாகப் படித்தான். நான் சினந்து பேசிவிட்டேன். அவன் தலையைக் கவிழ்த்துக் கொண்டான். கண்கள் கலங்கியதையும் கண்டேன்.

அவனுக்கு அடுத்த மேசையில் இருந்த மாணவி எழுந்து வந்தாள். கன்னடத்தில் தாழ்ந்த குரலில் நாலு வார்த்தை சொன்னாள். அவன் விரலைப் பிடித்து அளவுகோலின் கோட்டின்மேல் வைத்தாள். ஐந்து நிமிடத்தில் அவன் சரியாகப் படித்துவிட்டான். நாற்பது நிமிடத்தில் என்னால் ஆகாதது ஐந்து நிமிடத்தில் அவளால் ஆயிற்று! நான் சுவரோரம் நின்று பார்த்துக் கொண்டிருந்தேன். அன்று மாலை அல்சூர் ஏரிக் கரையில் நெடுநேரம் உட்கார்ந்திருந்தும் மனம் ஆறவில்லை.

அடுத்த வாரம், பல்கலைக் கழக ஆசிரியர்களுக்கும் துணையாசிரியர்களுக்கும் கற்பிக்கும் முறைபற்றி மூன்று நாள் பயிற்சிப் பட்டறை நடந்தது. வேண்டா வெறுப்பாகத்தான் போனேன். அங்கே எங்களையே மாணாக்கராக்கி, இருவர் இருவராக உட்காரவைத்து, அறிந்தவர் அறியாதவருக்குச் சொல்லித் தரும்படி செய்தார்கள். நடத்திய பேராசிரியர், இது புதிதன்று, இருநூறு ஆண்டுகளுக்கு முன் உலகமெங்கும் பரவிய சென்னை முறையின் வழி வந்ததே என்று பேச்சோடு பேச்சாகச் சொல்லிப் போனார். அந்த அறையில் தமிழர் மூவர் இருந்தோம். மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். சென்னை முறை என்பது என்ன என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. நம் ஊர்ப் பெயர் தாங்கிய ஒன்றை நாமே அறியாதிருந்தது எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த வெட்கம் உந்தியதால் தேடிப் படித்தேன். படித்ததில் கண்ட மனிதரின் வரலாற்றையே இங்கே நம் இதழ் அன்பர்களுக்குச் சொல்லப் புகுகிறேன். அவர் பெயர் ஆண்ட்ரூ பெல்.

இளமை

ஸ்காட்லாந்து நாட்டின் கீழைக் கடற்கரையில் செயின்ட் ஆண்ட்ரூஸ் என்னும் பழம் பல்கலைக் கழக நகரில், 1753-ஆம் ஆண்டு மார்ச்சு 27-ஆம் நாள் பெல் பிறந்தார். தந்தையார் முடி திருத்தும் தொழில் செய்தவர். செல்வக் குடும்பம் அன்று. மகனோ கணக்கிலும் இயற்கைத் தத்துவத்திலும் தேர்ந்தான். அக்காலத்தில் பௌதிகத்துக்கு வழங்கிய பெயர் இயற்கைத் தத்துவம் என்பதாகும். ஆகவே பெல்லும் நம்மைப் போல ஓர் அறிவியல் மாணவரே.

படிப்பு முடிந்ததும் 1774-இல் பிழைப்புத் தேடி அமெரிக்காவின் வர்ஜீனியாவுக்குக் கப்பலேறினார். அங்கே செல்வர் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடஞ் சொல்லி வாழ்ந்தார். அவரை அமர்த்தியவருள் ஒருவர் கார்ட்டர் பிராக்ஸ்டன். 1776-இல் அமெரிக்க விடுதலைச் சாசனத்தில் கையெழுத்திட்டவர்களில் அவரும் ஒருவர். 1781-இல் பெல் தாயகம் திரும்பினார். வழியில் கப்பல் உடைந்து கரையொதுங்கி, குளிரில் துன்புற்று, மீண்டும் வேறு கப்பலேறி வந்து சேர்ந்தார். பின்னர் ஆங்கிலத் திருச்சபையில் குருப்பட்டம் பெற்றுச் சிறிது காலம் ஊழியஞ் செய்தார். வருவாய் போதவில்லை. அக்காலத்துச் சீமை இளைஞர் பலரைப் போல அவரும் கிழக்குத் திசையை நோக்கினார்.

சென்னைக் கரையில்

1787-இல் பெல் சென்னையில் வந்து இறங்கினார். கல்கத்தா செல்வதே அவர் எண்ணம். ஆனால் சென்னையில் அவருக்கு வரவேற்பு கிடைத்தது, அங்கேயே தங்கிவிட்டார். அறிவியற் கருவிகள் சிலவற்றை உடன் கொண்டுவந்திருந்தார். அவற்றைக் கொண்டு கோட்டைச் சீமான்களுக்குப் பௌதிகச் சொற்பொழிவுகள் நிகழ்த்திக் கட்டணம் பெற்றார். படைப்பிரிவுகளின் பாதிரிப் பதவிகள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து சேர்ந்தன. பல பதவி, பல சம்பளம், வேலை மட்டும் குறைவு. பணம் சேர்ப்பதில் பெல் கெட்டிக்காரர் என்பதை அவர் வரலாற்றை எழுதியவர்கள் மறைக்கவில்லை. நானும் மறைக்க விரும்பவில்லை.

ஆயினும் அவர் வாழ்வில் ஒரு செயல் அந்தக் கணக்கிற்கு மாறாக நிற்கிறது. 1789-இல் எழும்பூர்க் கோட்டையில், இன்றைய எழும்பூர் இரயில் நிலையத்தின் பக்கத்தில், படைவீரர்களின் ஆதரவற்ற ஆண் பிள்ளைகளுக்கு ஓர் இல்லம் திறக்கப்பட்டது. வெள்ளைச் சிப்பாய்களுக்கும் இந்நாட்டுத் தாய்மார்க்கும் பிறந்து, தந்தை இறந்தோ கைவிட்டோ போனபின் தெருவில் நின்ற சிறுவர்கள் அவர்கள். அந்த இல்லத்தை மேற்பார்க்கும் பொறுப்பைப் பெல் ஏற்றார். அதற்கென ஒதுக்கிய சம்பளத்தை மட்டும் அவர் வேண்டாமென்றார். அந்தப் பிள்ளைகளைச் சமுதாயம் இழிவாகப் பேசிற்று. தாய்வழிக் குணம் கெட்டது, இவர்களுக்குப் படிப்பு ஏறாது என்பது அக்காலத்து வெள்ளையர் பலரின் துணிபு. பெல் அதை ஒப்பவில்லை. குறை பிள்ளைகளிடம் இல்லை, கற்பிக்கும் முறையில் இருக்கிறது என்று எண்ணினார். அந்த எண்ணமே அவர் வாழ்வின் வித்து.

மணல் காட்டிய வழி

இல்லத்தின் ஆசிரியர்கள் திறமை குறைந்தவர்கள். கொஞ்சம் பயிற்சி பெற்றால் வேறு நல்ல வேலை தேடிப் போய்விடுவார்கள்; பெறாதவர்கள் பழைய முறையை விடமாட்டார்கள். எழுத்துக் கற்பிக்கவே மாதக்கணக்கில் ஆயிற்று. பெல் சோர்ந்திருந்த வேளையில், ஒரு நாள் காலை குதிரைமேல் செல்கையில், வழியில் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடத்தைக் கண்டார். பிள்ளைகள் தரையில் அமர்ந்து, மணலைப் பரப்பி, விரலால் எழுதிக் கொண்டிருந்தார்கள். ஏடு இல்லை; மை இல்லை; செலவு இல்லை. தவறினால் கையால் தடவிவிட்டு மறுபடியும் எழுதலாம்.

குதிரையைத் திருப்பிக்கொண்டு இல்லத்துக்கு விரைந்த பெல், கடைசி வகுப்பின் ஆசிரியரை அழைத்து, எழுத்துகளை மணலில் எழுதிக் கற்பிக்குமாறு கட்டளையிட்டார். அந்த ஆசிரியருக்கு அது பிடிக்கவில்லை. சில நாள் முயன்றதாகக் காட்டிவிட்டு, இஃது ஆகாத காரியம் என்று கைவிரித்தார். மற்றவராயிருந்தால் முயற்சியை அங்கேயே விட்டிருப்பார். பெல் முயற்சியை விடவில்லை, ஆளை மாற்றினார். மேல்வகுப்பில் ஜான் ஃபிரிஸ்கன் என்று ஒரு சிறுவன் இருந்தான். ஒரு சாதாரணச் சிப்பாயின் மகன். வயது எட்டு. அந்தச் சிறுவனிடம் எழுத்து வகுப்பை ஒப்படைத்தார். ஆசிரியரால் ஆகாதென்ற காரியம் எட்டு வயதுப் பிள்ளையால் ஆயிற்று.

இதைப் படித்தபோது என் ஆய்வுக்கூடத்து மாணவி என் கண்முன் வந்து நின்றாள். இருநூறு ஆண்டுக்கு முன் எழும்பூரில் கைவிரித்த அந்த ஆசிரியரின் இடத்தில் நான் நின்றதையும் உணர்ந்தேன்.

ஃபிரிஸ்கனின் வெற்றியைக் கண்ட பெல், கீழ்வகுப்புகள் ஒவ்வொன்றையும் பிள்ளைகளிடமே விட்டார். வகுப்பைப் பாதியாகப் பிரித்தார். ஒரு பாதி சொல்லிக் கொடுப்போர், மறு பாதி கேட்போர். ஒருவன் பக்கத்தில் ஒருவன் அமர்வான். அவர்களுக்கு மேல் துணையாசிரியச் சிறுவன். அவனுக்கு மேல் ஆசிரியச் சிறுவன். இவர்களெல்லாம் ஏழு வயது முதல் பதினான்கு வயதுக்கு உட்பட்டவர்கள். பாடம் குறுகியது. ஒன்றை முற்றக் கற்காமல் அடுத்ததற்குப் போகக் கூடாது. அன்றாடம் எத்தனை பாடம் முடிந்தது என்பது ஏட்டில் பதியப்படும். பிரம்பை அறவே குறைத்தார். குற்றங்களை ஒரு கறுப்புப் புத்தகத்தில் எழுதி வாரந்தோறும் படிப்பார்கள். பிள்ளைகளே நடுவராக அமர்ந்து தீர்ப்புச் சொல்வார்கள். அவர் சென்னையை விட்ட காலத்தில் ஏறத்தாழ இருநூறு பிள்ளைகள் இவ்வாறு தம்மைத் தாமே கற்பித்துக் கொண்டிருந்தார்கள்.

தேவனஹள்ளியில் ஒரு பாடம்

பெங்களூர்வாழ் அன்பர்களுக்கு நான் சொல்லியே ஆகவேண்டிய செய்தி ஒன்று உண்டு. 1792-இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திப்பு சுல்தானின் மைந்தர் இருவர் பிணையாகச் சென்னைக்குக் கொண்டுபோகப்பட்டனர். 1794-இல் அவர்களைத் தந்தையிடம் திரும்ப ஒப்படைக்கக் காப்டன் டவ்ட்டன் என்பவர் அழைத்து வந்தார். ஒப்படைத்த இடம் தேவனஹள்ளி. இன்று நாம் விமானம் ஏறப் போகும் அதே ஊர். திப்பு பிறந்த ஊரும் அதுவே. அந்தக் குழுவோடு பெல்லின் மாணாக்கன் வில்லியம் ஸ்மித்தும் வந்தான். அவனுக்கு வயது பதினேழு. கொண்டுவந்த அறிவியற் கருவிகளைத் திப்பு சுல்தானின் முன் இயக்கிக் காட்டி விளக்கும் பணி அவனுடையது.

சற்றே நினைத்துப் பாருங்கள். படிப்பு ஏறாது என்று ஊரார் தள்ளிய சிப்பாய் மகன் ஒருவன், மைசூர் அரசின் தலைவருக்கே பௌதிகச் சோதனை செய்து காட்டுகிறான்! சென்னை முறைக்கு இதைவிடச் சான்று வேண்டுமா? இந்த நிகழ்ச்சியைப் பெல்லின் நூலில் படித்த மரியா எட்ஜ்வொர்த் என்னும் பெண் எழுத்தாளர், அதை வைத்து ஒரு சிறுகதையே எழுதி 1804-இல் வெளியிட்டார். நானோ பெங்களூரில் பௌதிகம் படித்தும், இச்செய்தியை அறியாமலேயே இரண்டாண்டு கழித்துவிட்டேன்.

சீமையில் புகழும் பூசலும்

உடல்நலம் குன்றியதால் 1796-இல் பெல் சென்னையை விட்டார். அடுத்த ஆண்டு, 1797-இல், எழும்பூரில் தாம் செய்த சோதனையை விளக்கி இலண்டனில் ஒரு சிறு நூல் வெளியிட்டார். முதலில் அதை வாங்குவார் அதிகமில்லை. 1798-இல் இலண்டன் ஆல்ட்கேட் பகுதியில் ஓர் அறப்பள்ளி அதைக் கைக்கொண்டது. பெல் ஸ்வானேஜ் என்னும் கடற்கரை ஊரில் குருவாக அமர்ந்தார். அங்கே ஏழைகளுக்கு அம்மைப்பால் வைப்பதையும் தாமே முன்னின்று பரப்பினார்.

அதே காலத்தில் ஜோசப் லாங்காஸ்டர் என்னும் இளைஞர் இலண்டனில் ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தி, மூத்த மாணவரைக் கொண்டு இளையவர்க்குக் கற்பித்து வந்தார். அவர் குவேக்கர் மரபினர். பெல்லோ திருச்சபைக் குரு. முதலில் இருவரும் நட்பாகவே இருந்தனர். பின்னர், முதலில் கண்டவர் யார் என்னும் பூசல் மூண்டது. சமயப் பிரிவுகள் அதை ஊதிப் பெருக்கின. 1811-இல் திருச்சபையார் தேசியக் கல்விச் சங்கத்தை நிறுவிப் பெல்லைத் தலைமை மேற்பார்வையாளராக்கினர். லாங்காஸ்டரின் பக்கத்தாரும் தனிச் சங்கம் கண்டனர். போட்டியால் விளைந்த நன்மை ஒன்றுண்டு: பள்ளிகள் பெருகின. பெல் மறைந்த காலத்தில் அவர் முறையைத் தழுவிய பள்ளிகள் பன்னிரண்டாயிரத்துக்கு மேல் என்று கணக்குச் சொல்வர்.

எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி வேறு. இலண்டனில் பால்ட்வின்ஸ் கார்டன்ஸ் என்னும் இடத்தில் சங்கத்தின் நடுப்பள்ளி நடந்தது. ஆசிரியராக விரும்பி நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் வருவோர் அங்கே பயிற்சி பெற்றார்கள். அவர்களுக்கு நெடிய சொற்பொழிவு செய்வதில் பெல்லுக்கு நம்பிக்கையில்லை. வளர்ந்த ஆண்களும் பெண்களும் கீழ்வகுப்பில் சிறுவரோடு மாணாக்கராக உட்கார வேண்டும். பிறகு துணையாசிரியராக நிற்க வேண்டும். படிப்படியாக வகுப்பு வகுப்பாக ஏற வேண்டும். கற்பித்தலைக் கற்பிக்கும் இடமும் பள்ளியறையே என்பது அவர் கொள்கை. சென்ற ஆண்டு பட்டறையில் எங்களை மாணாக்கராக உட்காரவைத்தபோது நான் மனத்துக்குள் முணுமுணுத்தேன். அந்த முணுமுணுப்பு இருநூறு ஆண்டுப் பழமையது போலும்!

குறையும் நிறையும்

பெருமக்கள் வரலாற்றை எழுதுவோர் குறைகளை விட்டுவிடுவது வழக்கம். மாணவர்களாகிய நாம் அவ்வாறு செய்தல் தகாது.

பெல் கடுமையானவர். பள்ளிகளைப் பார்வையிடப் போனால் ஆசிரியர்களைப் பலர்முன் இகழ்வார். சிறுவருக்குப் பிரம்பு வேண்டாமென்றவர், ஆசிரியரைச் சொல்லால் அடித்தார். இல்லற வாழ்வும் நிலைக்கவில்லை. மணந்த சில ஆண்டுகளில் மனைவியைப் பிரிந்தார். 1816-இல் சுவிட்சர்லாந்து சென்று, கல்வியுலகின் மற்றொரு பெரியாராகிய பெஸ்டலாட்சியைக் கண்டார். ஆனால் அவரிடமிருந்து கற்றுக்கொள்ள ஒன்றும் இருப்பதாகப் பெல்லுக்குத் தோன்றவில்லை. தம் முறையே முடிந்த முறை என்னும் செருக்கு அவரை மூடியிருந்தது.

அதைவிடப் பெரிய குறை ஒன்றுண்டு. ஏழைப் பிள்ளைகள் அளவுக்கு மிஞ்சிப் படித்தால் தம் நிலையில் மனம் ஒன்றாது போவர் என்று அவரே ஒரு காலத்தில் எழுதினார். சீமையில் சென்னை முறை பரவியதற்கு முதற் காரணம் அதன் நன்மையன்று, அதன் மலிவு. ஓர் ஆசிரியரின் சம்பளத்தில் பல நூறு பிள்ளைகள் படிக்கலாம் என்றால் செல்வருக்குக் கசக்குமா? வேலை செய்தவரெல்லாம் சிறுவர். அவர்க்கு ஊதியமும் இல்லை. தம் படிப்பை வளர்க்கப் போதிய நேரமும் இல்லை. நாளடைவில் பாடம் வெறும் ஒப்பித்தலாயிற்று. 1846-இல் ஆங்கில அரசு மாணவ ஆசிரியர் திட்டம் கொண்டுவந்து, சிறுவருக்கு ஐந்தாண்டுப் பயிற்சியும் ஊதியமும் தந்தபோது பழைய முறை மெல்ல மெல்ல மறைந்தது.

இதை நான் வேற்றுநாட்டுப் பழங்கதையாகப் படிக்கவில்லை. துணையாசிரியர் என்னும் பெயரில் முதுநிலை மாணவரிடம் வகுப்பை ஒப்படைத்துவிட்டு, எப்படிக் கற்பிப்பது என்று ஒரு நாளும் சொல்லித் தராத கல்விக் கூடங்கள் இன்றும் உள்ளன. நான் முதல் வகுப்புக்குள் நுழைந்தபோது என் கையில் தரப்பட்டது வருகைப் பதிவேடு ஒன்றே. துணையாசிரியர் உதவுவது வேறு, மலிவான கூலியாவது வேறு. இரண்டுக்கும் இடையிலுள்ள கோடு பயிற்சி என்பதாகும்.

பெயர் தெரியாத வாத்தியார்

இனி நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுண்டு. மணலைத் தமிழ்ப் பள்ளியிலிருந்து எடுத்துக்கொண்டதாகப் பெல் ஒப்புக்கொண்டார். மாணவன் மாணவனுக்குக் கற்பிக்கும் முறையைத் தம் கண்டுபிடிப்பாகவே கூறினார். ஆனால் நம் திண்ணைப் பள்ளிக்கூடத்தை அறிந்தவருக்கு அங்கே சட்டாம்பிள்ளை என்று ஒருவன் இருந்தது தெரியும். வாத்தியார் மூத்தவனுக்குச் சொல்ல, மூத்தவன் இளையவனுக்குச் சொல்ல, முறை வைத்துப் படித்தார்கள். 1823-இல் பல்லாரிக் கலெக்டராயிருந்த காம்பெல் என்பவர் தம் அறிக்கையில், மூத்த மாணவர் இளையவர்க்குக் கற்பிக்கும் இந்நாட்டு வழக்கத்தைப் பாராட்டி, இங்கிலாந்து அதைப் பின்பற்றியது தக்கதே என்று குறித்தார். அதற்கு இருநூறு ஆண்டு முன்பே, 1623-இல், கர்நாடகத்து இக்கேரியில் பியத்ரோ தெல்லா வல்லே என்னும் இத்தாலிய யாத்திரிகர், சிறுவர்கள் தரையில் மணல் தூவி எண்களை எழுதிப் பாடிப் பாடி மனனம் செய்ததைக் கண்டு வியந்து எழுதியிருக்கிறார். தாமஸ் மன்றோ எடுத்த கணக்கின்படி 1826-இல் சென்னை மாகாணத்தில் இருந்த பள்ளிகள் 12,498. மாணாக்கர் 1,88,650 பேர். அவற்றுள் பெரும்பாலானவற்றுக்கு ஊராரே செலவு செய்தனர்.

ஆகவே பெல் கண்டது வெறும் மணலை மட்டுமா, சட்டாம்பிள்ளையையும் சேர்த்தா? குதிரைமேல் சென்ற ஒரு கணப் பார்வையில் எவ்வளவு கண்ணில் பட்டது என்பதை அவரைத் தவிர வேறு யாரும் சொல்ல முடியாது. எழும்பூரில் அவர் செய்தது அவருடைய உழைப்பு; அதை மறுத்தல் நன்றன்று. ஆனால் அவர் கண்ட பள்ளியின் வாத்தியார் பெயரை அவர் கேட்டு எழுதவில்லை. சீமையெங்கும் சென்னையின் பெயர் பரவிற்று; அந்தத் திண்ணையின் பெயர் எங்கும் இல்லை. இதுவே என் மனத்தை வருத்துகிறது.

அதே வேளையில் பழம்பெருமை பேசி மயங்கவும் வேண்டாம். அந்தத் திண்ணைகளில் எல்லாரும் அமர முடியவில்லை. ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளுக்கும் பெரும்பாலான பெண் குழந்தைகளுக்கும் அங்கே இடமில்லை. முதலில் வந்த பிள்ளையின் கையில் சரசுவதியின் பெயரை எழுதி, பிந்தி வந்தவர்க்கு ஒவ்வொன்றாக அடியைக் கூட்டிய பள்ளிகளும் அவையே. என் பாட்டனார் திண்ணைப் பள்ளியில் சட்டாம்பிள்ளையாக இருந்தவர். சென்ற பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது பெல்லின் கதையை அவரிடம் சொன்னேன். சிரித்தார். பின்பு, தாம் சொல்லிக் கொடுத்துப் படித்த பையன்களின் பெயர்களை ஒவ்வொன்றாக நினைவு கூர்ந்தார். அடித்த ஒரு பையனின் பெயர் வந்ததும் சற்று நேரம் பேசாதிருந்தார். எழுபது ஆண்டாகியும் அந்த அடி அவர் மனத்தில் இருக்கிறது.

முடிவும் தொடர்ச்சியும்

வாழ்வின் இறுதியில் பெல் பேசும் ஆற்றலை இழந்தார். எழுதிக் காட்டியே கருத்தை உணர்த்தினார். சேர்த்த பொருள் ஏறத்தாழ ஒரு இலட்சத்து இருபதாயிரம் பவுன். அதைக் கல்விக்கே எழுதி வைத்தார். 1832 ஜனவரி 27-இல் செல்டன்ஹாமில் காலமானார். மன்னர்களும் புலவர்களும் துயிலும் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அவரை அடக்கம் செய்தனர். பிறந்த ஊரில் அவர் பொருளால் எழுந்த பள்ளிக்கு மெட்ராஸ் காலேஜ் என்று பெயர். நம் தலைநகர் 1996-இல் சென்னை என்று பெயர் மாறியபின்னும் ஸ்காட்லாந்தில் அந்தப் பள்ளி பழைய பெயரோடே நடக்கிறது.

அவர் விட்டுச்சென்ற பொருளைக் கொண்டு 1876-இல் எடின்பரோவிலும் செயின்ட் ஆண்ட்ரூஸிலும் கல்வியியலுக்குப் பேராசிரியர் இருக்கைகள் ஏற்பட்டன. கற்பித்தலும் ஒரு கலை, அதைப் பல்கலைக் கழகத்திலேயே ஆராய வேண்டும் என்பதை ஆங்கிலம் வழங்கும் நாடுகளில் நிலைநாட்டிய மிகப் பழைய இருக்கைகள் அவை. நம் பக்கத்தில் 1856-இல் வேப்பேரியில் ஆசிரியப் பயிற்சிப் பள்ளி தோன்றிற்று. பிற்காலத்துச் சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரி அதன் வளர்ச்சி. ஆனால் இவையெல்லாம் பள்ளி ஆசிரியர்க்கே. கல்லூரி ஆசிரியருக்குப் பயிற்சி எதற்கு என்னும் எண்ணம் நெடுநாள் நிலவிற்று. 1986-ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கைக்குப் பின்னரே விரிவுரையாளர்க்கு அறிமுகப் பயிற்சியும் புத்தொளிப் பயிற்சியும் நாடெங்கும் முறையாக நடக்கலாயின. அமெரிக்காவில் ஆர்வர்டுப் பல்கலைக் கழகத்துப் பௌதிகப் பேராசிரியர் எரிக் மாசூர், தம் சொற்பொழிவு மாணவர் மனத்தில் பதியவில்லை என்று சோதித்தறிந்து, பக்கத்து மாணவனோடு விவாதித்துக் கற்கும் முறையை வகுத்தார். அவர் நூல் வெளிவந்தது 1997-இல். பெல்லின் நூல் வெளிவந்து சரியாக இருநூறு ஆண்டு!

அன்பர்களே, நான் மறுபடியும் அதே ஆய்வுக்கூடத்துக்குப் போனேன். இம்முறை பத்து நிமிடமே பேசினேன். மாணவரை இருவர் இருவராக நிறுத்தினேன். கோலார் மாணவனிடம் சென்று, முன்பு சினந்ததற்கு வருத்தம் தெரிவித்தேன். அவனையே அடுத்த மேசையினருக்கு வெர்னியர் படிக்கக் காட்டச் சொன்னேன். முதலில் தயங்கினான்; பிறகு காட்டினான். எனக்குத் தெரிந்த அரைகுறைக் கன்னடத்தில் நானும் பேசினேன்; தவறு வந்த இடத்தில் அவர்கள் சிரித்துத் திருத்தினார்கள். அன்று அவ்வகுப்பில் யான் பாதி ஆசிரியன், பாதி மாணாக்கன்.

அல்சூர் நம்மவர் வாழும் பழம் பகுதி. 1809-இல் தண்டு அமைந்தபோது சென்னைப் படையோடு வந்த தமிழ்க் குடும்பங்கள் பல இங்கே வேரூன்றின. எழும்பூர் இல்லத்துச் சிறுவர்களின் தந்தைமாரும் அதே சென்னை மாகாணப் படையினரே. ஏரிக்கு அருகில் ஆர்க்காடு நாராயணசாமி முதலியார் 1873-இல் தொடங்கிய அறப்பள்ளியின் வழி வந்த கல்விக் கூடங்கள் இன்றும் பிள்ளைகளை அழைக்கின்றன. இத்தனை படிப்பு நம்மைச் சுற்றி இருக்க, நம்மில் பலர் கற்றதோடு நின்றுவிடுகிறோம். நம் சங்கத்தின் சார்பில் ஞாயிறுதோறும் இரண்டு மணி நேரம், அல்சூர்ப் பிள்ளைகளுக்குக் கணக்கும் அறிவியலும் சொல்லிக் கொடுத்தால் என்ன? தமிழ்ப் பிள்ளை, கன்னடப் பிள்ளை என்னும் வேறுபாடு அங்கே வேண்டாம். போகுமுன் கற்பிப்பது எப்படி என்பதை நமக்குள் ஒருவர்க்கொருவர் சொல்லிப் பழகுவோம். அதற்குப் பெரும் பொருள் வேண்டியதில்லை. ஒரு திண்ணையும் ஒரு பிடி மணலும் பெல்லுக்குப் போதுமாயிருந்தன. என் பெயரை முதற் பெயராக எழுதிக்கொள்ளுமாறு செயலாளரைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இரண்டாம் பெயர் உங்களுடையதாக இருக்கட்டும்.